உதிராத செவ்விலை

நீர் நிலைக்க. நிழல் நிலைக்க. நெல்லும் நாவும் காயாதிருக்க.

மேல்வரை நாட்டுப் பெருங்குடைக்கு உரிய குலத்தில் மூத்தவரும், கீழ்ப்படுகை நாட்டின் தலைவியும், மூன்று ஆறுகள் கூடும் துறைக்குக் காவலும், வழக்கென்று வந்தவரை வாசலில் நிறுத்தி வைக்காதவருமாகிய முள்ளியார் திருமுன்பு, வரையூர்க் கோட்டையிலிருந்து அமைச்சர் அழிசி தாழ்ந்து எழுதி விடுக்கும் ஓலை. தங்கள் குடிகளும் கன்றுகாலிகளும் நலமா என்று இவ்விடத்தில் கேட்பது முறை. நலமாக இல்லை என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். ஆகவே அமைச்சர் அதைக் கேட்கவில்லை.

இந்த ஓலையின் அடியில் அரச முத்திரை இராது. பொய்யோலை என்று எண்ணி முறித்து எறிய வேண்டாம். முத்திரை ஏன் இல்லை என்பதைச் சொல்வதற்காகவே ஓலை எழுதப்படுகிறது. தாங்கள் குடிகளைத் திரட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டீர்கள் என்று கேள்வி. துறையைக் கடக்குமுன் இதைக் கடைசி ஏடு வரை படித்துவிடுமாறு அமைச்சர் மன்றாடுகிறார். மன்றாடுவது அரண்மனை ஓலைக்கு வழக்கமில்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

ஓலை எழுதுவோர் தம்மையும் பிறர்போல் வைத்து எழுதும் மரபுப்படியே இதிலும் எழுதப்பட்டுள்ளது. பேசியவர் பேசியபடியே எழுத வேண்டும், ஒரு சொல்லுக்கும் மெருகு கூடாது என்பது தங்கள் தம்பியாராகிய அரசர் பெருமருதன் கடைசியாக இட்ட ஆணை. ஆகவே ஓலையில் ஏறத்தகாத பேச்சும் இதில் ஏறியிருக்கிறது. பொறுத்தருள்க.

செய்தி இது.

வரையூர்ச் சோலையில் நிற்கும் அரசவாதுமையின் முதல் இலை சிவந்தால் செவ்விலைக் காட்சி தொடங்கும். அந்த மரத்தின் கடைசி இலை தானாக மண்ணைத் தொட்டால் காட்சி முடியும். இடைப்பட்ட நாட்களில் அரசர் மரத்தடி இருக்கையில் அமர்ந்து நிறம் பார்ப்பார்; யாருடைய வழக்கும் கேளார், யாருடைய ஓலையும் பெறார், கீழ்ப்படுகைக்கு நீர் விடும் ஏரி மதகைத் திறக்கவோ களஞ்சியம் திறக்கவோ ஆணையிடார். ஓர் இலையைக் கையால் பறித்தவருக்கு அந்தக் கையின் விரல்கள் போகும். தாங்கள் இதே சோலையில் வளர்ந்தவர், இவற்றை அறிவீர்கள். ஆயினும் பின்னாளில் இவ்வோலை வேறொருவர் கைக்குப் போகலாம் என்பதால் எழுத வேண்டியிருக்கிறது. அறுவடை முடிந்து, பத்தாயம் நிறைந்து, கேட்பதற்கு யாருக்கும் ஒன்றும் இல்லாத காலத்தில், வயிறு நிறைந்தவர்கள் செய்த சட்டம் இது. நல்ல ஆண்டில் அரைத்திங்களில் முடிந்துவிடும். அதனால் யாரும் இதைப் பெரிதாக எண்ணியதில்லை.

இந்த ஆண்டு மழை வரவில்லை. வேனிலின் தொடக்கத்திலேயே அரசர் ஓர் ஆணை பிறப்பித்தார். குடிகள் நா வறண்டிருக்கும்போது அரண்மனை மரம் குளிக்கலாகாது. சோலைக்கு ஒரு குடம் நீரும் இறைக்கக் கூடாது. அந்த நீர் ஏரியிலேயே நிற்கட்டும் என்பது ஆணை. ஊர் முழுதும் அவரை வாழ்த்தியது. அவ்வாணையின் சொற்களைக் கோத்தவர் அழிசி. நல்ல சொற்களாக அமைந்தன என்று அன்று அவருக்கு நிறைவாகக்கூட இருந்தது.

பிறகு இலைகள் நிறம் மாறின. எந்த ஆண்டும் இல்லாத அளவுக்கு முன்னதாகவே மாறின. அந்த அழகைச் சொல்லாமல் விட்டால் மற்றது எதுவும் விளங்காது. பூவரசுகள் மஞ்சள் கரைத்துத் தெளித்ததுபோல் நின்றன. மருத மரங்கள் செம்புப் பாத்திரம் துலக்கிய நிறத்துக்கு வந்தன. நடுவில் அரசவாதுமை, அடிக்கிளையிலிருந்து உச்சி வரைக்கும் ஒரே சிவப்பு. அந்திச் சிவப்பும் இல்லை, குங்குமமும் இல்லை. ஊதாமலே கனியும் கங்குபோல. வெயில் பின்னாலிருந்து விழும்போது ஒவ்வொரு இலையிலும் நரம்பு தெரிந்தது. ஊரார் பாய் கொண்டுவந்து விரித்து உட்கார்ந்து பார்த்தார்கள். மழை பொய்த்த ஆண்டு கண்ணுக்காவது விருந்து வைத்ததே என்றார்கள். அமைச்சரும் பாய் விரித்து உட்கார்ந்தார். வெட்கமில்லாமல் சொல்வதானால், அவர் மகிழ்ந்தார்.

மஞ்சள் உதிர்ந்தது. செம்பு உதிர்ந்தது. சிவப்பு மட்டும் உதிரவில்லை.

தத்தன் என்பவர் இலைகூவி. காட்சி நாட்களில் மாலைதோறும் கோட்டைவாயில் மேலேறி, இலை உண்டு, வழக்குரைப்போர் பொறுத்திருக்க என்று கூவுவது அவருடைய குலத்தொழில். அவர் கூவிக்கொண்டேயிருந்தார். வாயிலுக்கு வெளியே கீழ்ப்படுகைப் பெண்கள் வெறுங்குடங்களோடு வந்து உட்காரத் தொடங்கினார்கள். முதலில் நாலைந்து பேர். பிறகு வாயிலுக்கு முன்னால் மண் தெரியவில்லை. அவர்களில் ஒருத்தி அமைச்சரைப் பார்த்துச் சொன்னதை, ஆணைப்படி, அப்படியே எழுதுகிறார்.

“உங்க ராசா செவப்பு பாக்குறாராமே? எங்க மாட்டுக் கண்ணும் செவந்துதான் கெடக்கு. அதுக்கும் ஒரு பாய் விரிச்சு உக்காந்து பாக்கச் சொல்லுங்க.”

கூவிவிட்டு இறங்கிய தத்தன் அமைச்சரின் காதருகே வந்து, “ஐயா, என் தொண்டையில தண்ணி இல்ல, மரத்துல இலை இருக்கு. ரெண்டுல எது முன்னாடி தீரும்னு பாப்போம்” என்றார். அவர் எப்போதும் நகைச்சுவையாகப் பேசுபவர். அன்று அவரும் சிரிக்கவில்லை.

தங்கள் ஓலைகள் மூன்றும் வாயிலிலேயே நின்றன. மூன்றாவதைக் கொண்டுவந்தவர் ஓலையைத் தராமல் வாய்ச்சொல்லாகவே உரக்கச் சொல்லிவிட்டுப் போனார். “தம்பி கதவத் தெறக்கலேன்னா அக்கா வந்து தெறப்பேன்னு சொல்லச் சொன்னாங்க.” மதில் மேல் நின்ற வில்லாளர் அனைவரும் அதைக் கேட்டார்கள். காட்சி நாட்களில் வாயிலை உடைத்து நுழைபவர் யாராயினும், யார் என்று கேளாமல் எய்துவிட வேண்டும் என்பது முத்திரையிட்ட பழைய ஆணை. வில்லாளர் தலைவர் பிட்டன் அன்றே அம்புக்கட்டுகளை அவிழ்த்து மதில் ஓரம் சாய்த்து வைத்தார்.

அமைச்சர் அன்று முதல் உணவு கொள்ளவில்லை. அரசரின் அக்கையார் முன்னே வருவார். பின்னே குடம் ஏந்திய பெண்கள் வருவார்கள். மேலே பிட்டன் நிற்பார். அவர் ஆணையைத் தவிர வேறெதையும் பாராதவர். இந்த மூன்றும் ஓரிடத்தில் கூடும் காட்சி கண்ணை மூடினாலும் திறந்தாலும் அவருக்குத் தெரிந்தது.

நேற்றுப் பிற்பகல் காற்று எழுந்தது. புழுதியை வாரி இறைக்கும் வறட்டுக் காற்று. இன்று உதிர்ந்துவிடும் என்று அமைச்சர் சோலைக்கு ஓடினார். பார்க்க வந்தவர்கள் கண்ணில் மண் விழுந்து வீட்டுக்குப் போயிருந்தார்கள். அரசர் மட்டும் இருக்கையில் இருந்தார். காற்றில் வாதுமை ஆடியது. இலைகள் ஒன்றோடொன்று மோதி ஓட்டுச் சில்லுகளைக் கூடையில் குலுக்குவதுபோல் ஓசை எழுப்பின. ஒன்றுகூட விழவில்லை. அப்போதுதான் அழிசிக்கு உறைத்தது. இலையைக் கழற்றி விடுவதும் மரம் செய்யும் வேலைதான். உயிருள்ள மரம் அந்த வேலையைச் செய்யும். இது செய்யவில்லை.

சட்டம் நினைவிருந்தும் அவர் கையை உயர்த்தி ஓர் இலையைப் பிடித்து இழுத்தார். இலை அப்பளம்போல் நொறுங்கியது. காம்பு கிளையிலேயே நின்றது. விரல் நுனியெல்லாம் சிவந்த தூள். திரும்பினால், அரசர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விரல்கள் போயின என்று அழிசி எண்ணினார். அரசர் எழுந்து வந்தார். மடியை அவிழ்த்துக் காட்டினார். மடி நிறைய அதே சிவப்புத் தூள்.

“நானும் இழுத்துப் பாத்தேன்யா. தெனமும் இழுக்குறேன். வரமாட்டேங்குது.”

அமைச்சர் தம் விரல் தூளைத் துடைத்துக்கொண்டார். அரசரே பேசினார்.

“தண்ணி ஊத்தாதேன்னு நான்தானே சொன்னேன். நல்லதுன்னு நெனச்சுத்தானே சொன்னேன். ஊரே கை தட்டுச்சே.”

ஆம், நல்லதென்றே எண்ணி இட்ட ஆணைதான் என்று அமைச்சர் விடை சொன்னார்.

“அப்போ மரம் பட்டுப் போச்சுன்னு யாரு சொல்றது? நீ சொல்லுவியா?”

இந்த இடத்தில் மற்றொரு சட்டத்தையும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. பட்ட மரம் அரண்மனைச் சோலையில் ஒரு நாளும் நிற்கலாகாது. கண்ட மறுநாளே வெட்ட வேண்டும். வெட்டினால் இலையெல்லாம் மண்ணைத் தொடும்; பட்ட மரத்துக்கு அதுவே உதிர்வு என்பது சட்டம், காட்சி முடியும். ஆனால் முடிசூடும் நாளில் அந்த மரத்தின் வேரில் நீர் வார்த்து, இதை வாடாமல் காப்பேன் என்று சூளுரைத்த பிறகே எவரும் குடைக்கீழ் அமர்கிறார். அவர் காலத்தில் மரம் பட்டால் அவர் குடை தாழும். முத்திரை குலத்தில் அடுத்தவரிடம் போகும். அடுத்தவர் தாங்கள்.

மரம் பட்டது என்று அரசர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியவர் அமைச்சர். சொன்ன பின் மரத்தில் எங்காவது பசுமை தென்பட்டால், அரசரைக் கவிழ்க்கப் பொய் சொன்னதாக அந்த அமைச்சரின் தலை போகும். ஆகவே அழிசி இடைக்கத்தியை எடுத்துப் பட்டையைச் சுரண்டினார். உள்ளே மரத்தூள் நிறம். கொஞ்சம் கீழே சுரண்டினார். அங்கும் அதே நிறம். முழந்தாளிட்டு வேருக்கு அருகில் கத்தியை வைத்தபோது அரசர் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கத்தி பட்டையைத் தொட்டபடி நின்றது.

“கீழ சுரண்டாதய்யா. பச்சை இருந்தாலும் பயம், இல்லேன்னாலும் பயம்.”

பச்சை இருந்தால் மரம் பட்டதாகாது, வெட்ட முடியாது. இலை தொங்கிக்கொண்டேயிருக்கும், வாயில் மூடியேயிருக்கும், தாங்கள் வந்து சேர்வீர்கள், பிட்டன் எய்வார். பச்சை இல்லையென்றால் அரசர் அரசரல்லர். இரண்டையும் நன்றாக அறிந்துகொண்டே அவர் இத்தனை நாளும் அந்த இருக்கையில் அமர்ந்திருந்திருக்கிறார். ஊரார் அதை ரசனை என்று எண்ணினார்கள். அருகில் பாய் விரித்திருந்த அமைச்சரும் அப்படியே எண்ணினார்.

அரசர் பிடியைத் தளர்த்தினார். அழிசி சுரண்டினார். கையகலம் பட்டை பெயர்ந்து விழுந்தது. உள்ளே பச்சை இல்லை. ஈரம்கூட இல்லை, எறும்பு மட்டும் வந்தது.

“பட்டது” என்று அமைச்சர் சொன்னார். அதற்கென்று நீண்ட வாசகம் ஒன்று ஏட்டில் உண்டு. அது அவர் நினைவுக்கு வரவில்லை.

அரசர் இருக்கைக்குத் திரும்பவில்லை. வெறுந்தரையில் அமர்ந்து மேலே பார்த்தார். வெயில் இலைகளுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. அப்படியே இருந்து சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் தங்களுக்கு எழுதும்படி பணித்தார். அது இது:

“அக்காகிட்ட சொல்லு. நான் ரசிச்சுக்கிட்டு உக்காந்திருக்கல, பயந்துக்கிட்டு உக்காந்திருந்தேன்னு.” பிறகு, “இல்ல. ரசிக்கவும் செஞ்சேன். அதையும் எழுது. அவ்வளவு அழகா இருந்துச்சு” என்றார்.

இன்று காலை மரம் வெட்டப்பட்டது. முதல் வெட்டு அரசருடையது. கோடரி மரத்தில் பதிந்தது, அதைத் திரும்பப் பிடுங்க அவரால் முடியவில்லை. மற்றவர்கள் வெட்டினார்கள். காய்ந்த மரம் என்பதால் விரைவில் சாய்ந்தது. சாய்ந்த பிறகும் இலைகள் கிளையிலேயே இருந்தன. ஆனால் மண்ணைத் தொட்டன. சட்டத்துக்கு அது போதும். தத்தன் வாயில் மேலேறி, இலை தீர்ந்தது என்று கூவினார். அவருக்குக் குரல் இரண்டாவது முறைதான் வந்தது. வெளியே இருந்த பெண்கள் ஆரவாரம் செய்யவில்லை. “செரி, தண்ணி எப்போ?” என்று ஒரு குரல் மட்டும் கேட்டது.

அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் உரிமை இப்போது வரையூரில் யாருக்கும் இல்லை. அமைச்சர் அஞ்சுவது இதைத்தான்.

மரம் சாய்ந்த கணத்தில் தம்பியாரின் ஆணை செல்லாததாகிவிட்டது. அவர் முன்பு முத்திரையிட்ட ஆணைகளோ, புதிய கை நீக்கும் வரை நிற்கின்றன. மதகு மூடியே இருக்கிறது. காட்சி முடிந்துவிட்டதே, வில்லை இறக்கும் என்று அமைச்சர் மதில் மேலேறிப் பிட்டனிடம் கேட்டுப் பார்த்தார். காட்சி முடிந்தது உண்மைதான், ஆனால் தங்கள் படை வருகிறது என்ற செய்தி வந்த அன்றே, வாயிலுக்குக் கூட்டமாக வருபவர்களை எய்தேனும் நிறுத்த வேண்டும் என்று தனியாக ஓர் ஆணையும் வாங்கி வைத்திருக்கிறேன் என்று அவர் விடை சொன்னார். காட்சி நாளில் காவலுக்கான ஆணைக்கு மட்டும் தடை இல்லை. அச்சத்தில் அரசர் அதற்கு முத்திரை வைத்திருக்கிறார். பிட்டன் மேலும் சொன்னது: “முத்திரை சொன்னா எறக்குறேன். நீங்க சொல்லி எறக்க எனக்கு ரெண்டு தலையா இருக்கு, அமைச்சரே?” அவர் கெட்டவர் அல்லர். அவருடைய மனைவியின் பிறந்தகம் கீழ்ப்படுகை. வருகிற கூட்டத்தில் மைத்துனர்கள் இருப்பார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். அமைச்சர் அதைச் சொன்னபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, நாணை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏரியைப் பற்றியும் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். வந்து பார்த்து ஏமாந்தால் சினம் இரட்டிக்கும். அமைச்சர் இன்று கரைமேல் ஏறி நேரில் பார்த்தார். மதகடியில் முழங்காலளவு நீர். நாற்றங்காலுக்கு ஒரு துளியும் விட முடியாது. வயல்களை இந்த ஆண்டு மறந்துவிட வேண்டும். மேல்வரையும் கீழ்ப்படுகையும் ஒரே அளவில் குடித்தால், ஆடுமாடுகளுக்கும் சேர்த்து, அடுத்த மழைக்காலம் வரை தாங்கும். ஒருவர் கூட ஒரு குடம் கூடுதலாக எடுக்கக் கூடாது. இதைக் குடிகளிடம் சொல்ல யாருக்கும் துணிவில்லாமல்தான் கரைமேல் காவல் போட்டு, யாரும் ஏறிப் பார்க்காமல் தடுத்து வைத்திருந்தார்கள். தாங்கள் சொன்னால் கேட்பார்கள். தாங்களும் அவர்களைப்போல் வெறுங்குடத்தோடு வருபவர்.

இவ்வோலையோடு இரண்டு பொருள்கள் வருகின்றன.

ஒன்று, அரசவாதுமையின் சிறு கிளை. குதிரைமேல், காற்றில், இத்தனை வழி வந்தும் அதில் ஓர் இலைகூட உதிர்ந்திராது. ஒன்றை இழுத்துப் பாருங்கள். தம்பியார் பொய் சொல்லவில்லை என்பதற்கு வேறு சான்று இல்லை.

மற்றொன்று, மஞ்சள் துணியில் முடிந்த அரச முத்திரை. இந்த ஓலையின் அடியில் அது பதிக்கப்படவில்லை. பதிக்கும் உரிமை இங்கே யாரிடமும் இல்லை, ஆகவே முத்திரையே தங்களிடம் வருகிறது. கொண்டு வருபவர் இலைகூவி தத்தன். அவருக்கு இனி வேறு வேலையும் இல்லை.

அமைச்சர் அரசிக்கு ஆணையிட முடியாது. ஆனால் அமைச்சர் அஞ்சுகிறார், ஆகவே வேண்டுகிறார். துறையைக் கடந்ததும் கூட்டத்தை நிறுத்துங்கள். கோல், அரிவாள் எல்லாவற்றையும் அங்கேயே போடச் சொல்லுங்கள். குடம் மட்டும் போதும். தாங்கள் தனியாக முன்னே வாருங்கள். முத்திரையை முடிச்சவிழ்த்து, வெறுங்கையில், தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தபடி வாருங்கள். பிட்டனின் கண் கூர்மையானது. ஆனால் இன்று புழுதி மிகுதி. அவர் பார்த்துவிட்டார் என்று உறுதியாகும் வரை நடையை விரைவுபடுத்த வேண்டாம். வில் இறங்கிய பின் தங்கள் வாயால் வரும் முதல் ஆணை மதகைப் பற்றியதாக இருக்கட்டும்.

தம்பியார் தங்களை எதிர்கொள்ள வாயிலுக்கு வெளியே வந்து, அந்தப் பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறார். கூப்பிட்டும் உள்ளே வர மறுக்கிறார். அம்பு வந்தால் முதலில் அவர்மேல் விழும் இடம் அது. அமைச்சரும் இந்த ஓலையைக் கட்டியவுடன் அங்கே போய் உட்காரப் போகிறார்.

மேல்வரைக்கும் கீழ்ப்படுகைக்கும் அரசியாகிய முள்ளியார் கையில் சேர்க.

இவ்விடம் தங்கள் முத்திரைக்கு.